ஆட்சேபணை இருப்பின்

நவம்பர் ஒன்று, பள்ளிக்கூட வராந்தா.
கரண்ட் இல்லை, மழை இருக்கிறது.
ஊராட்சிச் செயலர் நான்;
கையெழுத்து என்னுடையது, வாக்கியம் என்னுடையதல்ல.
பொருள் ஏழு:
புல எண் இருநூற்றுப் பதினான்கு, உட்பிரிவு மூன்று,
மேய்க்கால், இரண்டு ஏக்கர் தொண்ணூறு சென்ட்,
நத்தம் என வகைமாற்றம் செய்து
எண்பத்து நான்கு அடுக்குமாடி வீடுகள்.
ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கலாம்.

உத்திராபதி முதலில் எழுந்தார்.
குறுவை நெல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது;
கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லையென்று
பதினோரு நாளாய்த் தார்ப்பாய்க்கடியில் முளைவிடுகிறது.
"இந்த எடமும் போனா
ரோட்டுலதான் கொட்டணும். பஸ்ஸு ஏறட்டும்."
அவர் வேலி அந்தப் புலத்துக்குள்
நாலு முழம் நடந்து வந்திருப்பதை
யாரும் சொல்லவில்லை.
நானும் எழுதவில்லை.

பக்கிரிசாமிக்கு ஆடு.
மும்தாஜ் பேகத்துக்கு வடிகால்:
"எங்க தெருத் தண்ணி முழுக்க அங்கதான் போய் உக்காருது.
அதை எழுப்பி விட்டா
நேரா எங்க அடுப்படிக்குத்தான் வரும்."
வீடு நம்ம ஊருக்கா, டவுனில் இடித்தவர்களுக்கா
என்று கேட்டான் வீரையன்.
பயனாளிகள் பட்டியல் பின்னர் வரும் என்றார் பொறியாளர்.
வாத்துக்காரர்கள் தை கழிந்து வருவார்கள்,
அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை.
வாலிபால் கம்பத்தைப் பற்றிச் சொல்ல வந்த பையன்கள்
சிரித்துவிட்டு வெளியே போனார்கள்.

வரைபடம் பிரிந்தது.
அதில் ஒரு மரம், பச்சை வட்டமாக,
மரமே இல்லாத இடத்தில்.
தண்ணீர் எங்கும் வரையப்படவில்லை.

அப்போது தையல்நாயகி,
கோரையாற்றுப் படுகையில் குடிசை,
வருடத்துக்கு ரெண்டு தரம்
பிள்ளைகளோடு இதே வராந்தாவில் படுப்பவள்,
உட்கார்ந்தபடியே கேட்டாள்:
"நெல்லுக்கு எடம் கேக்குறீங்க, ஆட்டுக்குக் கேக்குறீங்க,
தண்ணிக்குக்கூடக் கேக்குறீங்க.
என் பேரு இதுல எத்தனாவதா வரும்?"

கொஞ்ச நேரம் மழைதான் கூட்டத்தை நடத்தியது.

மும்தாஜ் பேகம் திரும்பினாள்:
"ஒனக்கு வீடு வேணாம்னு யாரு சொன்னா?
தண்ணியிலேர்ந்து எடுத்துத்
தண்ணியிலயே வக்கிறாங்களே, அதைக் கேளு."
"கேட்டா மேட்டுல குடுப்பாங்களா?
மேடெல்லாம் பட்டா.
மேட்டுக்காரங்க யாராவது
கையத் தூக்குங்க பாப்பம்."
உத்திராபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பதிவேட்டில் ஒரே ஒரு கட்டம்:
ஆட்சேபணை உண்டு / இல்லை.
தேவையற்றதை அடிக்கவும்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
தலைவர் என்னைப் பார்த்தார், பொறியாளர் வாட்சைப் பார்த்தார்.
எந்தப் புலத்தில் என்ன விளைந்தது என்பதற்கு
அடங்கல் என்றொரு கணக்கு உண்டு;
இந்த மேய்க்காலுக்கு நேரே
இத்தனை வருடமும் ஒரு சின்னக் கோடு,
ஒன்றும் விளையவில்லை என்று.
எண்பத்து நான்கு வீட்டுக்கு
நூற்றுத் தொண்ணூறு விண்ணப்பம், என் மேசையில் கட்டாக.
நடுவில் எங்கோ என்னுடையதும்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தினேன்.
முந்தாநாள் போட்ட சுண்ணாம்பு எல்லைக்கோடு
பாலாகக் கரைந்து வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.
சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு
தையல்நாயகி உள்ளே நடந்தாள்.
கணுக்கால். கெண்டைக்கால். முழங்கால்.
அங்கேயே நின்று, கையை விரித்து,
இது அடுப்படி, இது வாசல் என்பதுபோல்
எதையோ அளந்தாள்.
பிறகு மழைக்கு மேலாகக் கத்தினாள்:
"எழுதிட்டியாம்மா?"
இல்லை என்று தலையாட்டினேன்.
"அப்ப, கீழ்வீடு வேணாம்னு
சேத்து எழுது!"